சீருடை அணிந்த இசைமேதை

இசைமேதை ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள் என்றால், நம்மில் பெரும்பாலோர் ஒரே வகையான உருவத்தையே காண்போம். கலைந்த தலைமுடி, எங்கோ நிலைத்த பார்வை, எவருக்கும் தலைவணங்காத மிடுக்கு, உள்ளம் ஊற்றெடுத்தால் எழுதுவதும், ஊற்று வற்றினால் எழுதுகோலை எறிந்துவிடுவதுமான போக்கு. கலைஞன் என்றாலே கட்டற்றவன் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம்.

ஐரோப்பியச் செவ்விசையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு வேறொரு காட்சி தென்படும். பதினெட்டாம் நூற்றாண்டில் இசை அமைத்தவர்களுள் மிகப் பலர் அரண்மனைச் சம்பளக்காரர்கள். சமையற்காரர், தோட்டக்காரர், குதிரை பேணுவோர், வேட்டைக்குத் துணைபோவோர் ஆகியோரைப் போல அவர்களும் அரண்மனை ஊழியரே. அரசருக்கு விருந்தினர் வந்தால் விருந்திசை வேண்டும். திருநாள் வந்தால் திருப்பலிக்கு இசை வேண்டும். வேட்டையாடிக் களைத்து வந்தால் களைப்பு நீங்க இசை வேண்டும். கேட்ட வேளையில் கேட்டதைக் கொடுப்பது அவர்கள் தொழில்.

இத்தகைய ஊழியத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைத்து நின்று, அதன் நடுவிலேயே உலகம் வியக்கும் இசையைப் படைத்தவர் ஒருவர் உண்டு. அவர் யோசேப்பு ஹைடன். பிறருடைய கட்டளையின்கீழ் உழைப்பவன் தன் மனிதத் தன்மையை இழந்துவிடுகிறானா? இந்தக் கேள்வி நம் குடும்பங்களில் நாள்தோறும் எழுவது. அலுவலகத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் மாலையில் வாடிய முகத்தோடு வீடு திரும்பும் தந்தையர் அதனை வாய்விட்டுக் கேட்பதில்லை, உள்ளுக்குள் கேட்டுக்கொள்கின்றனர். அவர்களுக்கு ஹைடனின் வாழ்வு சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

சக்கரத் தச்சரின் மகன்

ஆஸ்திரியா நாட்டில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய ரோராவ் என்னும் சிற்றூரில், 1732-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹைடன் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரங்கள் செய்யும் தச்சர். தாய், திருமணத்திற்கு முன் அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையற்பணி புரிந்தவர். தந்தைக்கு இசைக்குறிகளை வாசிக்கத் தெரியாது. ஆயினும் மாலை வேளைகளில் யாழ் மீட்டிப் பாடுவார். வீட்டார் அனைவரும் உடன் பாடுவர். அந்தக் குடும்பப் பாட்டில்தான் சிறுவனின் குரல்வளம் வெளிப்பட்டது.

ஏறத்தாழ ஆறு வயதிலேயே, ஹைன்பர்க் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் இருந்த உறவினர் ஃபிராங்க் என்பவரிடம் அவரை அனுப்பினர். அங்கே உணவைவிட அடியே மிகுதியாகக் கிடைத்ததென்று முதுமையில் ஹைடன் நினைவுகூர்ந்தார். எனினும் அவ்வாசிரியர் தமக்குக் கற்பித்தவற்றை எண்ணி நன்றி பாராட்டவும் அவர் தவறவில்லை. எட்டு வயதளவில் வியன்னா நகரின் புனித ஸ்தேவான் பேராலயப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. பதினேழு வயதையொட்டிக் குரல் உடைந்தது. அதனோடு வேலையும் போயிற்று. கையில் காசில்லை, தலைக்குமேல் கூரையில்லை.

பின்வந்த ஆண்டுகள் கடினமானவை. கூரையடியிலிருந்த குளிர்ந்த அறையொன்றில் குடியிருந்தார். குழந்தைகளுக்கு இசை கற்பித்தும், ஆலயங்களில் வாசித்தும், தெருக்களில் நடந்த இரவுக் கச்சேரிகளில் கலந்துகொண்டும் வயிறு வளர்த்தார். பொர்ப்போரா என்னும் புகழ்பெற்ற இத்தாலிய இசை ஆசிரியர் பாடம் நடத்துகையில் உடன் வாசிக்கும் பணி கிடைத்தது. அவருடைய காலணிகளைத் துடைப்பது உள்ளிட்ட பணியாளன் வேலைகளையும் சேர்த்தே செய்ய வேண்டியிருந்தது. வசைமொழிகளும் விழுந்தன. ஆயினும் பாட்டு அமைக்கும் நெறியையும் இத்தாலிய மொழியையும் அங்கேதான் கற்றார்.

அதன்பின் மோர்ட்சின் என்னும் பிரபுவின் இல்லத்தில் இசைக்குழுத் தலைவர் பதவி கிட்டியது. ஆண்டுச் சம்பளம் 200 குல்டன். 1760-இல் திருமணமும் நடந்தது. அந்த இல்லறத்தில் அமைதியோ மக்கட்பேறோ வாய்க்கவில்லை. பிரபுவுக்குப் பணமுடை வந்து இசைக்குழு கலைக்கப்படவே, ஹைடன் மீண்டும் வேலை தேடும் நிலைக்கு ஆளானார்.

பதினான்கு பிரிவுகள்

1761-ஆம் ஆண்டு மே முதல் நாள், எஸ்டர்ஹாசி என்னும் குடும்பத்தின் தலைவரான கோமகன் பவுல் அன்டனின் பணியில் சேர்ந்து ஹைடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். ஹங்கேரி நாட்டின் மிகப்பெரும் நிலக்கிழார் குடும்பங்களுள் ஒன்று அது. முடிசூடிய மன்னர் அல்லரெனினும், செல்வத்தாலும் படாடோபத்தாலும் கோமகன் குறுநில மன்னராகவே வாழ்ந்தார். அக்குடும்பத்தின் இருப்பிடம் ஐசன்ஸ்டாட் நகரின் மாளிகை.

மே முதல் நாளை உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளாக நாம் கொண்டாடுகிறோம். 1955-இல்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதனை ஏற்படுத்தினார்; ஆகவே ஹைடன் அதனை அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் சூசை என்ற பெயர் தாங்கிய தச்சர் மகன் ஒருவர் அதே நாளில் வேலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது நம் உள்ளத்தைத் தொடுகிறதன்றோ?

அவ்வொப்பந்தத்தில் பதினான்கு பிரிவுகள் உள்ளன. சிலவற்றின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

துணை இசைத்தலைவரான ஹைடன் அரண்மனை அலுவலராகக் கருதப்படுவார். ஆகவே மதுமயக்கமின்றி, முரட்டுத்தனமின்றி, நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டும். விருந்தினர்முன் வாசிக்கும்போது அவரும் குழுவினரும் சீருடை அணிந்து, வெண்ணிறக் காலுறையும் வெண்ணிறச் சட்டையும் தரித்து, தலைமுடிக்குப் பொடி பூசிப் பின்னலிட்டோ பையில் முடிந்தோ தோன்றவேண்டும். தமக்குக் கீழ்ப்பட்ட கலைஞரோடு உண்பதிலும் குடிப்பதிலும் அளவுமீறிப் பழகலாகாது. நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் கோமகனின் முன்னறையில் காத்திருந்து, இன்று இசை வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். தாமதமாக வருவோரையும் வராதோரையும் குறித்துவைக்க வேண்டும். கலைஞரிடையே சச்சரவு எழுந்தால் தீர்த்துவைக்க வேண்டும். இசைக்கருவிகளும் ஏடுகளும் பழுதுபடாமல் காக்கும் பொறுப்பும் அவருடையதே.

இவற்றையெல்லாம்விடக் கடினமான பிரிவு ஒன்று இருந்தது. கோமகன் கட்டளையிடும் இசையை அவர் அமைத்துத் தரவேண்டும். அவ்விசை கோமகனுக்கு மட்டுமே உரியது. அதனைப் பிறர் படியெடுக்க விடலாகாது. கோமகனின் இசைவின்றி வேறெவருக்கும் இசை அமைக்கலாகாது. அதாவது, அவர் மூளையில் பிறக்கும் பாட்டு பிறந்த உடனேயே பிறர் உடைமை.

சம்பளம் ஆண்டுக்கு 400 குல்டன். உணவு அலுவலர் பந்தியில். பணியை விட்டு விலக விரும்பினால் ஆறு மாதங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். கோமகனோ எப்போது வேண்டுமாயினும் அவரை நீக்கலாம். இன்றைய தொழிற்சங்கத் தலைவர் எவரேனும் இதனைப் படித்தால் கொதித்தெழுவார். ஹைடனோ மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டார். அவருக்கு வயது இருபத்தொன்பது. முன்பு பெற்றதைப்போல் இருமடங்குச் சம்பளம், நிலையான வேலை, அனைத்துக்கும் மேலாக, தம் கையசைவுக்குக் காத்திருக்கும் தேர்ந்த இசைக்குழு. பசியறிந்தவருக்கு இவற்றின் அருமை தெரியும்.

கட்டளையும் கற்பனையும்

மறு ஆண்டே பவுல் அன்டன் இறந்தார். தம்பி நிக்கொலாஸ் பொறுப்பேற்றார். இவர் இசைப் பித்தர். பாரிட்டோன் என்னும் அரிய நரம்பிசைக் கருவியை வாசிப்பதில் அவருக்குத் தணியாத ஆசை. வில்லினால் மேல்நரம்புகளை இழைக்கும்போதே, கழுத்தின் பின்புறமுள்ள நரம்புகளைப் பெருவிரலால் மீட்ட வேண்டும். கற்பதற்குக் கடினமான கருவி. அதற்கு இசை எழுதியவர் அக்காலத்தில் மிகச் சிலர்.

இந்நிலையில் 1765-இல் ஒரு சோதனை வந்தது. முதன்மை இசைத்தலைவரான வெர்னர் என்னும் முதியவர் ஹைடன்மீது கோமகனுக்குப் புகார் எழுதினார். கருவிகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன, ஏடுகள் சிதறிப் போகின்றன என்பது குற்றச்சாட்டு. கோமகன் ஹைடனைக் கண்டித்து, பாரிட்டோனுக்கு மேலும் ஊக்கத்தோடு இசை எழுதுமாறு கட்டளையிட்டார். வேறொருவராயின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். ஹைடன் எழுதத் தொடங்கினார். தம் படைப்புகளுக்கெனப் பட்டியலேடு ஒன்றையும் இக்காலத்தையொட்டித் தொடங்கினார். பத்தாண்டுகளுக்குள் பாரிட்டோனும் வேறு இரு கருவிகளும் சேர்ந்து வாசிப்பதற்கென அவர் எழுதிய மூவர் இசை மட்டும் நூற்றிருபதுக்கு மேல்.

புகார் எழுதிய வெர்னர் 1766-இல் இறக்க, ஹைடன் முதன்மைத் தலைவரானார். கதை அங்கே முடியவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1804-இல், புகழின் உச்சியிலிருந்த ஹைடன், வெர்னரின் ஆறு இசைப் படைப்புகளை எடுத்து, நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கு ஏற்றவாறு வகைப்படுத்தி, அம்முதியவர்மீது தாம் கொண்ட மதிப்பைக் குறிப்பிட்டு அச்சேற்றினார். தம்மைப் பழித்தவரின் பெயரை உலகம் மறந்துவிடாதவாறு காத்தவர் அவரே.

நிக்கொலாஸ் கோமகன் ஏரிக்கரைச் சதுப்பு நிலத்தில் எஸ்டர்ஹாசா என்னும் புதிய மாளிகையை எழுப்பினார். அறைகள் 126. 1768-இல் இசைநாடக அரங்கும், பின்னர்ப் பொம்மலாட்ட அரங்கும் திறக்கப்பட்டன. 1773-இல் பேரரசி மரியா தெரேசாவே வருகை தந்தார். 1780-களில் ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்ட இசைநாடகக் காட்சிகள் நடந்ததும் உண்டு. பாடகரைத் தெரிந்தெடுத்தல், ஒத்திகை நடத்துதல், பிறர் எழுதிய பாட்டைத் திருத்துதல், குழுவை நடத்துதல் ஆகிய அனைத்தும் ஹைடனின் தலைமேல் விழுந்தன.

வியன்னா நகரின் நண்பர் வட்டத்தை விட்டுத் தொலைவிலுள்ள சதுப்புநிலத்தில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பது அவருக்கு வருத்தமே. 1790-இல் தோழியார் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தனிமையையும், பிறர் விருப்பத்திற்கே என்றும் ஊழியம் செய்யும் துயரையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் அத்தனிமையின் மறுபக்கத்தையும் அவர் கண்டார். தம்மைக் குழப்புவாரும் தொல்லை செய்வாரும் அங்கே எவருமில்லை; எழுதியதை மறுநாளே குழுவினர் வாசிக்கக் கேட்கலாம்; எது செவிக்கு இனிக்கிறது, எது சலிப்பூட்டுகிறது என்று பார்த்துச் சேர்க்கலாம், நீக்கலாம். ஆகவே தமக்கென ஒரு தனிவழியைக் காணும் கட்டாயம் நேர்ந்தது என்று தம் வரலாற்றை எழுதியவரிடம் பின்னாளில் கூறினார். சிம்பொனி, நால்வர் நரம்பிசை ஆகிய இரண்டும் அவர் கையில் முழு வளர்ச்சி பெற்றது அச்சதுப்பு நிலத்தில்தான்.

அணைந்த மெழுகுதிரிகள்

ஹைடனின் பெருமை அவர் எழுதிய இசையில் மட்டுமன்று, தமக்குக் கீழிருந்தோரை நடத்திய முறையிலும் விளங்கியது. குழுவினர் அவரை 'பாப்பா', அதாவது அப்பா என்றே அழைத்தனர்.

எஸ்டர்ஹாசா மாளிகையில் இடவசதி குறைவென்று சொல்லி, 1772-இன் தொடக்கத்தில் கோமகன் ஓர் ஆணை பிறப்பித்தார். இசைக்கலைஞர்கள் தங்கள் மனைவி மக்களை அங்கே அழைத்து வரலாகாது. ஒரு நாள் தங்கவைப்பதற்கும் அனுமதி இல்லை. ஹைடனுக்கும் வேறு சிலருக்கும் மட்டும் விதிவிலக்கு. மற்றையோரின் குடும்பங்கள் ஏறத்தாழ ஒரு நாள் பயணத் தொலைவில், ஐசன்ஸ்டாட்டில் இருந்தன. அவ்வாண்டு கோமகன் வழக்கத்தைவிட நெடுங்காலம் எஸ்டர்ஹாசாவிலேயே தங்கிவிட்டார். மாதங்கள் கடந்தன. கணவர் முகம் காணாத மனைவியர் ஒருபுறம். பிள்ளைகளின் மழலை கேளாத தந்தையர் மறுபுறம். இந்த வேதனை நம் பங்குகளில் பலருக்குப் புதிதன்று. பிழைப்பை நாடிக் கடல்கடந்து சென்ற தந்தையின் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகள் நம்மிடையே எத்தனை பேர்!

கலைஞர்கள் 'அப்பா'விடம் முறையிட்டனர். அவர் என்ன செய்யமுடியும்? கோமகனிடம் நேரே வாதாடுவது ஊழியருக்கு அழகன்று. கோபம் வந்தால் வேலை போகும். அவருக்கோ விதிவிலக்கு இருந்தது. வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. ஹைடன் வாய்மூடி இருக்கவில்லை, வாய்திறக்கவும் இல்லை. புதியதொரு சிம்பொனி எழுதினார்.

கோமகன் முன்னிலையில் அது வாசிக்கப்பட்டது. இறுதிப் பகுதி விரைந்து சென்று முடிவை எட்டும் தறுவாயில், எதிர்பாராத வகையில் மெல்லிய, அமைதியான பண்ணொன்று தொடங்கியது. சற்று நேரத்தில் ஓபோ வாசிப்பவர் ஒருவரும் கொம்பு ஊதுபவர் ஒருவரும் தம் பங்கை முடித்து, தம்முன் எரிந்த மெழுகுதிரியை அணைத்துவிட்டு எழுந்து சென்றனர். பிறகு மற்றொருவர், பிறகு இன்னொருவர். ஒவ்வொருவராய்த் திரியை அணைத்து வெளியேற, அரங்கில் இருள் கூடிக்கொண்டே வந்தது. முடிவில் எஞ்சியவை இரு வயலின்கள் மட்டுமே. ஒன்றை ஹைடனும் மற்றொன்றைத் தொமாசினி என்னும் கலைஞரும் வாசித்தனர் என்பர். அந்த மெல்லோசையும் அடங்கியது.

கோமகன் குறிப்பை உணர்ந்தார். இவர்கள் எல்லாரும் போகிறார்களென்றால் நாமும் போகவேண்டியதே என்று அவர் கூறியதாகவும், மறுநாளே பயணத்திற்கு ஆயத்தம் நடந்ததாகவும் சொல்லப்படுகிறது. 'பிரியாவிடைச் சிம்பொனி' என்ற பெயரால் அது இன்றும் உலக அரங்குகளில் வாசிக்கப்படுகிறது. இன்றும் கலைஞர்கள் ஒவ்வொருவராய் எழுந்து செல்கின்றனர்.

இந்நிகழ்ச்சியில் இருவரைப் பாராட்ட வேண்டும். தமக்கில்லாத துன்பத்தைத் தமதாக எண்ணியவர் ஹைடன். ஊழியன் சொல்லாமற் சொன்னதைக் கேட்டு, சினங்கொள்ளாமல் மனம் மாறியவர் நிக்கொலாஸ். அவர் பிறவகையிலும் நல்ல எசமானரே. ஐசன்ஸ்டாட்டில் பற்றிய பெருந்தீயில் ஹைடனின் வீடு 1768-இலும் 1776-இலும் எரிந்தபோது, இருமுறையும் அதனைச் சீர்செய்து கொடுத்தவர் அவரே.

சிறையும் உதையும்

எல்லா அரண்மனைகளிலும் எசமானர்கள் இப்படி இருக்கவில்லை. ஹைடனுக்கு முந்திய தலைமுறையில், வைமார் அரண்மனையில் பணியாற்றிய யோவான் செபஸ்தியான் பாக் என்னும் மேதை வேறிடம் செல்ல விரும்பிப் பணிநீக்கம் கேட்டார். பிடிவாதமாகக் கேட்டதற்காக 1717-ஆம் ஆண்டு நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை அவரைக் காவலில் அடைத்து, அதன்பின்னரே வெளியே அனுப்பினர்.

ஹைடனின் இளைய நண்பர் மோட்சார்ட்டின் அனுபவம் கசப்பானது. அவர் ஊழியம் செய்தது சால்ஸ்பர்க் பேராயர் கொலொரெடோவின் அரண்மனையில். அக்காலத்தில் அப்பேராயர் அந்நாட்டின் ஆட்சியாளரும் ஆவார். 1781-இல் வியன்னாவுக்கு வரவழைக்கப்பட்டபோது, மோட்சார்ட்டுக்கு உணவுப் பந்தியில் ஏவலர்க்குக் கீழும் சமையற்காரர்க்கு மேலும் இடம் தரப்பட்டது. வெளியே கச்சேரி செய்து பொருளீட்டவும் தடைகள். மனம் நொந்து விலகல் கேட்ட அவரைப் பேராயரின் அலுவலரான ஆர்க்கோ பிரபு உதைத்து வெளியேற்றினார். திருச்சபையின் ஆயர் ஒருவரின் இல்லத்தில் நடந்தது இது. எழுதவே கூச்சமாயிருக்கிறது; ஆயினும் உண்மையை மறைப்பதில் பயனில்லை. சமய அங்கி அணிந்தவர் என்பதற்காக ஓர் எசமானர் தாமாகவே நல்ல எசமானராகிவிடுவதில்லை.

அவ்வேலையை உதறித் தள்ளிய மோட்சார்ட்டை நாம் குறைசொல்ல இயலாது. ஆகவே, எப்படிப்பட்ட எசமானருக்கும் பணிந்துகிடப்பதே புண்ணியம் என்ற பாடத்தை ஹைடனின் வாழ்வு கற்பிப்பதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். அவரது பொறுமை கனிந்ததற்கு, மறுபக்கத்தில் செவிசாய்க்கும் உள்ளம் ஒன்று இருந்ததும் காரணம். பணிவு ஊழியரின் கடமையென்றால், மதிப்பு எசமானரின் கடமை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டில் இசை எழாது.

திறந்த கதவு

ஹைடனின் இசை படியெடுக்கப்பட்டும் களவாகவும் ஐரோப்பா எங்கும் பரவத் தொடங்கியிருந்தது. அரண்மனைச் சுவர்களுக்குள் அதனை அடைத்துவைக்க இயலாதென்பது விளங்கிற்று. 1779-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில், இசை அனைத்தும் கோமகனுக்கு மட்டுமே உரியதென்ற அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக மூடியிருந்த கதவு ஆரவாரமின்றித் திறந்தது. வியன்னாவிலும் இலண்டனிலும் அவருடைய படைப்புகள் அவர் இசைவோடு அச்சேறின. பாரிசு நகரத்தார் ஆறு சிம்பொனிகளைக் கேட்டு வாங்கினர்.

ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரிலிருந்து வந்த வேண்டுகோள் நமக்குச் சிறப்பானது. அங்குள்ள 'திருக்குகை' என்னும் சிற்றாலயத்தில், புனித வெள்ளியன்று ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு வாக்கியங்களைத் தியானிப்பது வழக்கம். மறையுரையாளர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி விளக்கி, பீடத்தின்முன் முழந்தாளிடுவார். அந்த மௌனத்தை நிரப்ப இசை வேண்டும். ஏழு மெல்லிசைப் பகுதிகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து மணித்துளி நீளத்தில், கேட்போர் சலிப்புறாதவாறு அமைப்பது எளிதன்று. 1787-இல் அச்சில் வந்த அந்த இசை, தவக்காலத்தில் இன்றும் பல நாடுகளில் வாசிக்கப்படுகிறது.

1790-இல் நிக்கொலாஸ் இறந்தார். ஹைடனுக்கு ஆண்டுக்கு 1000 குல்டன் ஓய்வூதியம் எழுதி வைத்திருந்தார். மகன் அன்டனுக்கு இசையில் நாட்டமில்லை; குழுவைக் கலைத்துவிட்டார். ஆயினும் ஹைடனின் பதவிப் பெயரை நீடித்து, 400 குல்டன் சம்பளத்தையும் கொடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் ஹைடன் முதன்முறையாகத் தம் நேரத்துக்குத் தாமே தலைவரானார். சாலொமோன் என்பார் அழைக்க, இலண்டனுக்குப் புறப்பட்டார். பெரிய உலகில் பழகாதவர், மொழிகள் பல அறியாதவர் என்று மோட்சார்ட் கவலைப்பட்டபோது, தம் மொழி உலகெங்கும் புரியும் என்று விடையளித்தாராம்.

1791 புத்தாண்டு நாளில் இங்கிலாந்துக் கரையில் இறங்கினார். அவ்வாண்டே ஆக்ஸ்பர்டு பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. இருமுறை அங்கு சென்று தங்கி, பன்னிரண்டு சிம்பொனிகளை உருவாக்கினார். 1795-இல் ஒரே மாலைக் கச்சேரியில் கிடைத்த வருவாய் 4000 குல்டன். 1761-இல் ஓராண்டு முழுதும் உழைத்துப் பெற்ற சம்பளத்தைப்போல் பத்து மடங்கு! முன்னறையில் காத்துநின்ற சீருடைக்காரரைக் காண இப்போது மக்கள் காத்துநின்றனர்.

திருப்பலியும் படைப்பும்

ஹைடன் இலண்டனிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் அன்டனுக்குப் பின்வந்த இரண்டாம் நிக்கொலாஸ் அழைக்க, 1795-இல் திரும்பி வந்தார். இம்முறை பணி இலகுவானது. முதன்மையான கடமை ஒன்றே. கோமகனின் துணைவியார் மரியா ஹெர்மனகில்டாவின் நாமத் திருநாளையொட்டி ஐசன்ஸ்டாட்டில் நடக்கும் திருப்பலிக்கு இசை அமைக்கவேண்டும். 1796 முதல் 1802 வரை ஆறு பெருந்திருப்பலி இசைகள் இவ்வாறு பிறந்தன. கத்தோலிக்கத் திருவழிபாட்டு இசைக் கருவூலத்தில் அவை விலைமதிப்பற்றவை.

அவற்றுள் 1798-இல் எழுதிய ஒன்றைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். சிக்கனம் கருதிக் கோமகன் காற்றிசைக் கலைஞரை அவ்வாண்டு நீக்கிவிட்டார். எஞ்சியவை நரம்பிசைக் கருவிகளும் ஆர்கனும் மட்டுமே. எக்காளங்களையும் பெருமுரசுகளையும் வெளியிலிருந்து சேர்த்துக்கொண்டார். போதிய கருவிகள் இல்லையென்று ஹைடன் கைகட்டி நிற்கவில்லை. மென்மை சேர்க்கும் குழல்கள் இல்லாத அந்தக் குறையையே நிறைவாக்கி, எக்காளமும் முரசும் நெஞ்சை அதிரச்செய்யும் ஓர் இசையைப் படைத்தார். போர்மேகம் சூழ்ந்த காலம் அது. 'இடுக்கண் காலத் திருப்பலி' என்று அதற்குப் பெயரிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் ஐசன்ஸ்டாட் பங்கு ஆலயத்தில் அது முதன்முதலாக ஒலித்தது. அவருடைய படைப்புகளுள் தலைசிறந்தவற்றில் ஒன்றாக இசையறிஞர் அதனைக் கருதுகின்றனர்.

அதே ஆண்டு ஏப்ரலில், உலகப் படைப்பைப் பாடும் 'படைப்பு' என்னும் பெருங்காவிய இசையும் வியன்னாவில் அரங்கேறியது. அதனை எழுதிய நாள்களில் தமக்கிருந்த பக்தி வேறெக்காலத்திலும் இருந்ததில்லை என்றும், பணி இனிது முடிய வலிமை தருமாறு நாள்தோறும் முழந்தாளிட்டு வேண்டியதாகவும் அவர் கூறினார். அவருடைய கையெழுத்தேடுகள் பெரும்பாலும் ஆண்டவர் பெயரால் தொடங்குகின்றன. இறைவனுக்குப் புகழ் என்று முடிகின்றன. கோமகன் கட்டளையிட்ட சிறு பாரிட்டோன் இசையாயினும் சரி, ஐரோப்பா காத்திருந்த சிம்பொனியாயினும் சரி, தம் உழைப்பு இறுதியில் யாருக்கு உரியதென்பதை அவர் மறந்ததில்லை. ஒப்பந்தம் எழுதியவரால் அந்த உரிமையில் கைவைக்க இயலவில்லை.

1808 மார்ச்சு 27-இல் வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் 'படைப்பு' மீண்டும் இசைக்கப்பட்டபோது, எழுபத்தாறு வயதை எட்டவிருந்த ஹைடனை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தனர். ஒளி தோன்றும் கட்டத்தில் மண்டபமே கைதட்டி ஆர்ப்பரித்தது. அவர் கையை உயர்த்தி வானத்தைக் காட்டினார். மறு ஆண்டு மே 31-இல், நெப்போலியன் படைகள் வியன்னாவைப் பிடித்திருந்த நாளில், அமைதியாக இறந்தார். விருப்ப ஆவணத்தில், தமக்கு ஊழியம் செய்த எல்ஸ்லர் என்பவருக்குப் பெருந்தொகை எழுதிவைத்திருந்தார். இளமையில் தமக்குக் கற்பித்த ஃபிராங்கின் குடும்பத்தாரையும் மறக்கவில்லை. சீருடை அணிந்து வாழ்ந்தவருக்குச் சீருடை அணிந்தவரின் அருமை தெரிந்திருந்தது.

அன்பு வாசகர்களே, கட்டளைக்கு உட்பட்டு உழைப்பதனால் ஒருவர் சிறியவராகிவிடுவதில்லை என்பதற்கு ஹைடன் சான்று. ஏவிய வேலையையும் அவர் தம் வேலையாகச் செய்தார். ஏவாத அன்பையும் அதனோடு சேர்த்துக் கொடுத்தார். பிறர்கீழ் உழைப்போர் இதனை எண்ணி ஆறுதல் கொள்ளலாம். பிறரை வேலைவாங்குவோர், வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண் முதல் வயலில் இறங்கும் கூலியாள் வரை, நம்மிடம் உழைப்பவரின் பிள்ளைகள் அவருடைய முகத்தை எந்நேரத்தில் காண்கின்றனர் என்பதை ஒருமுறை கேட்டறியலாம். மெழுகுதிரியை அணைத்துச் சொல்லும் திறன் எல்லார்க்கும் இராது. சொல்லாமலேயே நாம் கேட்டுக்கொள்வது நல்லது.